கை மட்டும் தெரியும் வகுப்பு

“அந்தக் கைக்கு என்ன வயசு இருக்கும்?”

அண்ணி என்னிடம் இப்படிக் கேட்டது ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடியப்போகும் நேரத்தில். மடிக்கணினித் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள், ஒரு கை, ஒரு பென்சில். அண்ணி விரல் வைத்தது கடைசி வரிசையில் இருந்த ஒரு கட்டத்தின் மேல். மற்றப் பிள்ளைகளின் தாள் வெள்ளை. அது மட்டும் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள். அதன் மேல் ஒரு கை, குடையின் மடிப்புகளுக்கு நிதானமாக நிழல் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குப் பதில் தெரியும்.

அண்ணி ஓர் இணையப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அந்தப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது, மணி கிடையாது, வாசலில் மிட்டாய் விற்பவர் கிடையாது. வார நாட்களில் பாடம். சனிக்கிழமை காலையில் மன்றங்கள். சதுரங்கம், பேச்சு, ஓவியம் என்று ஏதாவது ஒன்றில் ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்தாக வேண்டும். ஓவிய மன்றம் நடப்பது எங்கள் வீட்டுப் படுக்கையறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டு நாற்காலி போடக் கிடைத்த இடத்தில். அண்ணிக்குப் பின்னால் ஒரு நீலப் போர்வையைத் திரையாகக் கட்டியிருப்போம். போர்வைக்கு அந்தப் பக்கம், இரவு வேலை முடித்து வந்த அண்ணன் தூங்குவான். அவனுடைய குறட்டை உச்சத்துக்குப் போகும்போது மைக்கை அணைப்பது என் வேலைகளில் ஒன்று. விளக்கைத் திருப்பிப் பிடிப்பது இன்னொன்று.

மூன்றாவது வேலை, வாசல். வகுப்புக்கு வருகிறவர்களின் பெயர் முதலில் திரையின் ஓரத்தில் வந்து விழும். அண்ணி பார்த்து, “விடு” என்பாள். நான் பொத்தானை அழுத்துவேன். அழுத்தினால்தான் அவர்கள் உள்ளே வர முடியும். ஒருமுறை முன்பின் தெரியாத எவனோ நுழைந்து கெட்ட வார்த்தையைக் கத்திவிட்டுப் போனதிலிருந்து அண்ணி இதில் கறார்.

“நான் விடுன்னு சொல்லாம ஒரு ஈயைக்கூட உள்ள விடாத.”

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவள். பாடம் வராமல் இல்லை, குரல் வராமல். வருகைப் பதிவு எடுக்கும்போது என் முறை வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நான் வராதவளாகிவிடுவேன். ஒரு கட்டத்தில் நிஜமாகவே போகாமல் இருந்துவிடுவது சுலபமாகப் பட்டது.

அதனால்தானோ என்னவோ, அண்ணியின் வகுப்பு எனக்குப் பிடிக்கும். அங்கே முகம் காட்ட வேண்டாம். இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் போனைப் பாலம் மாதிரி வைத்து, பின்பக்கக் கேமரா தாளைப் பார்க்கும்படி செய்துகொண்டால் போதும். சொந்தப் பெயரும் வேண்டாம், ஆளுக்கொரு செல்லப்பெயர். ரயில், வெங்காயம், பென்சில் சீவி, அணில். யாராவது நன்றாக வரைந்துவிட்டால் கைதட்ட முடியாது, ஒரு கையில்தான் பென்சில் இருக்கிறதே. அதனால் பென்சிலின் அடிப்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டு. டொக், டொக். அந்த மன்றத்தில் அதுதான் பாராட்டு.

பழுப்புத் தாள் அணிலுடையது. அணிலின் மைக் எப்போதும் அணைந்தே இருக்கும். கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

“டேய் அணில், உங்க வீட்ல வெள்ளைத்தாளே கிடையாதா?” என்பான் ரயில்.

“பழுப்புத் தாளில் அழித்த இடம் தெரியாது” என்று கீழே எழுத்து வரும்.

“அப்ப எனக்கும் ஒரு கட்டு அனுப்புடா. நான் அழிக்கிறதுதான் அதிகம்.”

முதல் வாரங்களில் அணில் போட்ட வட்டம் நசுங்கிய டப்பா மாதிரி இருந்தது. அடுத்த வாரமும் வட்டம். அதற்கடுத்த வாரமும். மற்றப் பிள்ளைகள் மரம், யானை என்று தாவிப் போய்விட்ட பிறகும் அணில் ஓர் ஓரத்தில் வட்டம் போட்டுப் பார்க்கும். மெல்ல மெல்லக் கோடு அடங்கியது. நிழல் வந்தது. “அணில், இந்த இருட்டு ரொம்ப அழகா விழுந்திருக்கு” என்று அண்ணி சொன்னால், அந்தக் கை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டத்தை விட்டு வெளியே போய்விடும். கொஞ்ச நேரம் வெறும் தாள்தான் தெரியும். பிறகு திரும்பி வரும்.

ஒருநாள் அண்ணி தன் தாளில் குனிந்து வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது, அணிலின் கட்டத்தில் பழுப்புத் தாள் மறைந்து ஒரு முகம் வந்தது. கை தவறி முன்பக்கக் கேமராவுக்கு மாறியிருக்க வேண்டும். பதிவில் அணில் ஏழாம் வகுப்புச் சிறுமி. அது சிறுமியின் முகம் இல்லை. அண்ணியைவிடப் பெரியவர். தலையில் வலைத்தொப்பி. பின்னால், மடித்து ஆளுயரத்துக்கு அடுக்கிய வெள்ளைப் படுக்கை விரிப்புகள், ஓர் இஸ்திரி மேசை; ஏதோ சலவைக்கூடம் போலிருந்தது. தன் முகத்தைத் திரையில் தானே பார்த்து அரண்டு போய், அவர் எதையோ அவசரமாகத் தடவினார். மறுபடி தாள் வந்துவிட்டது.

நான் மட்டும்தான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஓரத்தில் “அணில்” என்று விழுந்தது. அண்ணி “விடு” என்றாள். விட்டேன்.

வினை வந்தது பாராட்டு விழாவால். ஒவ்வொரு மன்றத்திலும் ஒரு பிள்ளைக்கு ‘பருவத்தின் நட்சத்திரம்’ என்று சான்றிதழ் கொடுப்பார்கள். பிரமாதமாக வரைகிற பிள்ளைக்கு இல்லை. ஒரு வாரமும் விடாமல் வந்து, தொடங்கிய இடத்திலிருந்து அதிக தூரம் நடந்திருக்கிற பிள்ளைக்கு. அண்ணி யோசிக்கவே இல்லை. அணிலின் பெயரைத் தலைமை ஆசிரியைக்கு அனுப்பிவிட்டு, அணிலின் வீட்டுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வணக்கம்மா. உங்க பொண்ணுக்கு ஓவிய மன்றத்துல நட்சத்திரம் கிடைச்சிருக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது.

“கேக்குதாம்மா?”

“கேக்குதுங்க மேடம். அணிலுக்கா?”

“அணிலுக்கேதான். நாளைக்கு விட்டு அடுத்த சனிக்கிழமை விழா. தலைமை ஆசிரியை வர்றாங்க. முகத்தைக் காட்டி ரெண்டு வார்த்தை பேசணும், தயார் பண்ணி வைங்க.”

“முகமா?”

“ஆமாம்மா.”

“கை மட்டும் காட்டினா போதாதுங்களா மேடம்?”

அண்ணி சிரித்துவிட்டாள். “கூச்சமா? பரவால்லம்மா, எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்கு” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆனால் போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மறுநாள் வகுப்பில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“கையை வச்சு எப்படி அண்ணி வயசு சொல்றது?” என்றேன்.

“மணிக்கட்டுல சூடு பட்ட தழும்பு, விரல் முட்டியெல்லாம் காய்ப்பு. ஏழாம் வகுப்புப் பொண்ணு கை மாதிரியா இருக்கு?”

நான் விளக்கின் கழுத்தைத் திருப்பினேன். அதைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

“உனக்குத் தெரியும். நீ முழிக்கிற முழியே சொல்லுது.”

“அது பொண்ணு இல்ல அண்ணி. அம்மா.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ரொம்ப நாளா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்திடுவீங்களே.”

வகுப்பு முடிந்து கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “பேரை மேல அனுப்பியாச்சு. இப்பப் போய் ஆளே வேறன்னு சொன்னா, இத்தனை நாள் நீ என்னத்தைப் பாத்தேன்னு கேப்பாங்க. என் தலைதான் உருளும்.” போர்வைக்கு அந்தப் பக்கம் குறட்டை எழுந்தது. “இந்த மனுஷனுக்கு மட்டும் ஒரு கவலையும் கிடையாது.”

பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். “சரி. நீ எதையும் பாக்கல, நான் எதையும் கேக்கல. சனிக்கிழமை அவங்க பொண்ணை உக்கார வச்சிடுவாங்க. ரெண்டு வார்த்தை, ஒரு சான்றிதழ், முடிஞ்சுது.”

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. வரைந்த கை கட்டத்துக்கு வெளியே நிற்கும். பரிசளிப்பு உள்ளே நடக்கும்.

விழா அன்று பிள்ளைகள் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “ரயிலு, உனக்கு இவ்ளோ பெரிய காதா?” “வெங்காயம், நீ பொண்ணா? சொல்லவே இல்ல?” என்று ஒரே இரைச்சல். அணிலின் கட்டத்தில் மட்டும் பழுப்புத் தாள். தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார். எல்லாரும் அடங்கினார்கள்.

“ஓவிய மன்றத்தின் நட்சத்திரம், அணில். எங்க, முகத்தைக் காட்டு கண்ணு.”

தாள் மறைந்தது. அதே வெள்ளை விரிப்புகள். நடுவில் ஒரு சிறுமி; பின்னல் நுனியை முறுக்கிக்கொண்டு, இழுத்து வந்து உட்கார வைத்த முகத்தோடு இருந்தாள். பின்னால் அவள் அம்மா. வலைத்தொப்பி இல்லை. தலையை அழுந்த வாரியிருந்தார்.

“வாழ்த்துகள். எப்படி இவ்ளோ அழகா வரையக் கத்துக்கிட்ட?”

சிறுமி மனப்பாடம் செய்ததைத் தேடினாள். “நான் தினமும்... தினமும் வந்து...”

அம்மா அவள் தோளில் கையை வைத்தார். தழும்பு இருந்த கை.

“அவ வரையலைங்க,” என்றார். “நான்தான்.”

அணிலின் குரலை அன்றுதான் அந்த வகுப்பு கேட்டது. கொஞ்சம் கரகரத்த குரல்.

“சனிக்கிழமை இவளைத் தனியா விட முடியாதுன்னு வேலைக்குக் கூட்டிட்டு வருவேன். ரெண்டு வாரம் வரைஞ்சா, அப்புறம் போரடிக்குதுன்னு விட்டுட்டா. வகுப்பு போன்ல ஓடிட்டே இருந்துச்சு. நான் துணி மடிச்சுக்கிட்டே பாத்தேன். மேடம் பென்சிலை எடுங்கன்னு சொன்னாங்க. எடுத்துட்டேன். அப்புறம் கீழ வைக்க மனசு வரல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “தப்புதாங்க. இதைப் பென்சில் சீவிக்குக் குடுத்துடுங்க. அந்தப் பொண்ணும் ஒரு வாரம்கூட விடல, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

அண்ணியின் கை மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தது.

ரயில்தான் முதலில் வாயைத் திறந்தான். “அப்ப இத்தனை நாளா ஆன்ட்டியவா நான் டேய் டேய்னு கூப்பிட்டேன்?”

“ஒரு கட்டு தாள் வேற கேட்ட,” என்றாள் வெங்காயம்.

“எடுத்து வச்சிருக்கேன்ப்பா,” என்றார் அந்த அம்மா.

டொக், டொக் என்று ஒரு சத்தம். பென்சில் சீவி தட்டியது. பிறகு ரயில், வெங்காயம், எல்லாக் கட்டங்களும். சிறுமி நிமிர்ந்து, தன் அம்மாவை யாரோ புதியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

தலைமை ஆசிரியை தட்டல் ஓயும்வரை பொறுத்திருந்தார். கோபப்படவில்லை. “உள்ளதைச் சொன்னீங்க, சந்தோஷம்மா. ஆனா மன்றம் பிள்ளைங்களுக்கு. பதிவுல உங்க பேர் இல்ல. பொண்ணு வந்தா வரட்டும், நீங்க இனிமே வர முடியாது. டீச்சர், யாரை உள்ள விடறோம்கிறதுல கொஞ்சம் கவனமா இருங்க.”

“சரிங்க மேடம்,” என்றாள் அண்ணி.

“புரியுதுங்க,” என்றார் அந்த அம்மா. கேமரா திரும்பியது. பழுப்புத் தாள். பென்சில் சீவிக்கு நட்சத்திரம் கொடுத்தபோது அந்தக் கை அவளுக்காக இரண்டு தட்டுத் தட்டியது. விழா முடியும்வரை கட்டத்தை விட்டுப் போகவில்லை.

அந்த வாரம் அண்ணி சாப்பிடும்போதும் துணி உலர்த்தும்போதும் தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள். “அவங்க சொன்னதுல என்ன தப்பு? நாளைக்கு யாரு வேணும்னாலும் பிள்ளைங்க வகுப்புல வந்து உக்காந்துக்கலாமா?”

“யாரு வேணும்னாலும் இல்லையே அண்ணி. அணில்தானே,” என்றேன்.

“வாய் முளைச்சிடுச்சா உனக்கு?” என்றாள்.

சனிக்கிழமை வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. “விடு.” ரயில் வந்தான். “விடு.” வெங்காயம் வந்தாள். “விடு. விடு.” தாள்களும் கைகளும் நிறைந்தன. பென்சில் சீவியின் கட்டத்தில் இப்போது ஒரு சின்ன நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

“மிஸ், அணில் ஆன்ட்டி வரமாட்டாங்களா?” என்றான் ரயில்.

“இன்னைக்குச் செருப்பு வரையறோம். ஆளுக்கொரு செருப்பை எடுத்து முன்னால வைங்க.”

“மிஸ், அம்மா திட்டுவாங்க.”

“கழுவிட்டு வைடா.”

பிள்ளைகள் செருப்புத் தேடப் போனார்கள். திரை முழுக்க வெறும் தாள்கள். அப்போது ஓரத்தில் அந்தப் பெயர் விழுந்தது. அணில்.

என் விரல் மவுஸின் மேல் இருந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். பெயர் அங்கேயே நின்றது. அண்ணி விடு என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் செருப்போடு திரும்ப ஆரம்பித்தார்கள். முதல் கை தாளுக்குள் வந்தது.

அண்ணி மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தாள். வகுப்புக்கு முன்னால் நான் கழுத்துவரை நிரப்பி வைத்த பாட்டில். தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போல அதை எடுத்துக்கொண்டு, நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் தள்ளி எழுந்து, நீலப் போர்வையை விலக்கி, அறையை விட்டு வெளியே போனாள்.