இங்கே தூங்குகிறவர்கள்

மாடிவீட்டு அக்கா என் கையிலிருந்த கணக்கெடுப்புத் தாளைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எம் பசங்க பேரை எடுக்க விடமாட்டேன். உயிரோட இருக்கிறவங்க பேரை யாராவது எடுப்பாங்களாடி?"

"எடுக்கலன்னா ஆஸ்பத்திரிய எடுத்துடுவாங்க, பரவால்லையா?" என்று கத்திவிட்டேன். காலையிலிருந்து இது பதினேழாவது வீடு. எங்கும் உட்காரத் தோன்றவில்லை.

தப்பில் எனக்கும் பங்குண்டு. ஊரின் ஒற்றை அறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் நர்ஸ். போன மாதம் குடும்பக் கணக்கெடுப்பும் என் தலையில் விழுந்தது. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒருத்தராவது "நான் தனியா இருக்கேன்" என்று சொல்ல வேண்டுமே! பிழைக்கப் போன மகன், மருமகள், போட்டோவில் மட்டும் பார்த்த பேத்தி என்று எல்லாரையும் சொன்னார்கள். அங்கே அவன் வாங்கும் சம்பளத்தைக் கூசாமல் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள். வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறவர்களை எப்படி மறுப்பது? தெரிந்தேதான் எழுதினேன். பாதி வீடு பூட்டிக் கிடக்கும் ஊர் தாளில் ஜேஜே என்று நிறைந்துவிட்டது. இவ்வளவு வசதியான ஊருக்கு இலவச ஆஸ்பத்திரி எதற்கு, மூடிவிடலாம் என்று கடிதம் வந்தது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் மாமியாரால் வாசற்படியே இறங்க முடியாது. கடிதம் அனுப்பிய அதிகாரியிடம் கெஞ்சி, கணக்கைத் திருத்த ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். வருடத்தில் ஆறு மாதமாவது இங்கே தூங்குகிறவர்களை மட்டும் எழுது, நானே வந்து நாலு வீட்டில் விசாரிப்பேன் என்றார்.

"உன் வீட்டுக்காரர் பேரை எடுத்துட்டியா?" என்றார் அக்கா. "இன்னும் இல்லக்கா, இன்னைக்கு எடுத்துடறேன்," என்றேன். அதற்கப்புறம்தான் தாளை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவரும் பிழைக்கப் போய் ஆறு வருடம். கடைசியாக வந்தபோது பதினோரு நாள் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, எடுத்துடு," என்றார்.

ஒரு நொடி யோசித்திருக்கலாம், பாவி மனிதர். அழுகையாக வந்தது. அவர் பெயரை அடித்தேன், பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாராவது கேட்டா ரெண்டு பேருன்னு சொல்லணும் அத்தை. நீங்களும் நானும்."

"அவன்?"

"அவர் அங்க இருக்காரு."

"சரிம்மா. ரெண்டு பேரு," என்றார். இரண்டு நாளாக, சாப்பிடும்போதும் ஊசி போடும்போதும் தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் கேட்கச் சகிக்கவில்லை.

அதிகாரி எங்கள் வீட்டுக்கே முதலில் வந்தார். நாற்காலியைப் போட்டேன். என்னை விட்டுவிட்டு நேரே அத்தையிடம் குனிந்தார்.

"வீட்ல எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினார். மூன்றாவது விரல் மடங்கவும் மாட்டாமல் நிமிரவும் மாட்டாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு அந்த விரலையே பார்த்தார்.