எட்டு மீட்டரும் தொட்டி அண்ணனும்

ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகிய நாளிலிருந்து ஆறு மாதமாக, தீயணைப்பு நிலையத்தில் எனக்குத் தொலைபேசி மேசைதான். மணி அடித்தால் மற்றவர்கள் வண்டியில் பறப்பார்கள். நான் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் பல்லைக் கடிப்பேன். இன்று உடற்தகுதிச் சோதனை. உடற்பயிற்சிக்கான நான்கு கிலோ மெடிசின் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீச வேண்டும். எட்டு மீட்டர் தாண்டினால் வண்டி, இல்லாவிட்டால் மேசையே கதி. மூன்று வாய்ப்புகள்.

“உடம்புல எவ்ளோ பலம் இருக்குன்னு பார்க்கல மேடம்,” என்றார் சோதிக்க வந்த பயிற்சியாளர். “அது ஒரே நொடியில வெளிய வருதான்னுதான் பார்க்கறேன்.”

என் கணவரைக் கேட்டிருந்தால், கோபம் என்றால் அவளுக்கு அரை நொடி போதும் என்று சொல்லியிருப்பார்.

முட்டியை மடக்கி, பந்தைக் கால்களுக்கு நடுவே இறக்கி, எம்பி வீசினேன். என் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் சொத்தென்று விழுந்தது. இரண்டாவது மூன்று மீட்டர் போனது. எனக்குக் காது வரை சூடேறிவிட்டது.

“தோள் நல்லாத்தான் இருக்கு. கைதான் பந்த விட மாட்டேங்குது,” என்றார் அவர்.

வண்டி ஓட்டும் தொட்டி அண்ணன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயிற்றைப் பார்த்து நிலையமே வைத்த பெயர் அது.

“அது எங்க தொழில் பழக்கம் சார். ஏணியில நின்னு எதைக் கைமாத்தினாலும், வாங்கறவரு ‘பிடிச்சிட்டேன்’னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது. இவளுக்குப் பதினோரு வருஷமா கையில ஊறிப் போச்சு.”

உண்மைதான். வீட்டில் தேநீர்க் கோப்பையைக்கூட, ‘பிடிச்சிட்டேன்’ என்று காதில் விழாமல் நான் விடுவதில்லை.

அண்ணன் மெல்ல நடந்துபோய் எட்டு மீட்டர் கோட்டருகே நின்றார். நான் மூன்றாவது முறை எம்பினேன். கை தலையைத் தாண்டும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்:

“பிடிச்சிட்டேன்!”

விரல்கள் தாமாகவே விட்டன. திரும்பிப் பார்த்தேன். பந்து உயரே வளைந்து போய்க்கொண்டிருந்தது. கீழே அந்த மனுஷன் இரண்டடி பின்னால் போய், இரண்டு கைகளாலும் அதை அணைத்துப் பிடித்துவிட்டார்.

“தரையில படலையே,” என்றார் பயிற்சியாளர். “எங்கேன்னு அளக்கறது?”

“எதுக்குண்ணே பிடிச்சீங்க?” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“பிடிச்சிட்டேன்னு சொல்லிட்டு எப்படிம்மா கீழ விடறது?”

பயிற்சியாளர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, “அசையாம நில்லுங்க,” என்று நாடாவை இழுத்துக்கொண்டு போனார். அண்ணனின் காலடி வரை எட்டு மீட்டர் முப்பது. பந்து அவர் நெஞ்சுயரத்தில் இருந்தது. “விட்டிருந்தா இன்னும் போயிருக்கும்,” என்று சொல்லிக்கொண்டே தாளில் தேர்ச்சி என்று எழுதினார்.

நான் நேரே அண்ணனிடம் போனேன். திட்டுவதற்கு ஒரு பட்டியலே தயாராக இருந்தது.

“அளக்கற கோட்டையே மறந்துட்டேம்மா,” என்றார் பந்தைக் கட்டிக்கொண்டபடியே. “நீ விழுந்த அன்னிக்கு நான் கீழதான நின்னேன். ரெண்டு எட்டு தள்ளி நின்னதால உன்னப் பிடிக்க முடியல.”

நான் பந்துக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து, “பிடிச்சிட்டேண்ணே,” என்றேன்.