திருட்டு ஐவி

சுல்மா வீட்டு ஐவிக் கொடியைப் பார்க்காதவன் மொந்தெவிதேயோ நகரத்தில் பிறந்ததே வீண் என்று பேச்சு. பேசியது பெரும்பாலும் சுல்மாதான். ஃப்ரிட்ஜின் தலையிலிருந்த சின்னத் தொட்டியில் கிளம்பி, சமையலறையைச் சுற்றி, நடையைத் தாண்டி, கூடத்து ஜன்னலில் போய்த் தொங்கியது அது. நுனிக்கு விக்கல் எடுத்தால் வேருக்குச் செய்தி போய்ச் சேர அரை நாள் ஆகும். ஒவ்வோர் இலைக்கும் ஓரத்தில் வெண்ணெய் தடவியது மாதிரி ஒரு கரை. சுல்மா இலை இலையாக ஈரத்துணியால் துடைப்பாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஊற்றுவாள்.

ஐவி வளர்க்கிற வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். சுல்மா அறுபது வயதைத் தாண்டிய பிறகும் கீழ்வீட்டு எல்பியா அதை விடாமல் ஞாபகப்படுத்திக் கொண்டிருந்தாள்.

"பின்னே எதுக்கு வளர்க்கிறேன்னு நெனச்சே?" என்பாள் சுல்மா.

யாருக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்ததில்லை. கொடுத்தால் பிடிக்காது என்று சொல்லிவிடுவாள். அதிலும் பொய்யில்லை. கொடுத்த துண்டு அழுகும், நன்றி சொன்னால் அன்றைக்கே சாகும், திருடின துண்டுதான் வேர்விடும். பால்குடி மறக்காத குழந்தைக்கும் அங்கே இது தெரியும்.

அந்த ஊரில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அந்த வருடக் குளிரில்தான் வினை வந்தது. கால் விறைக்கிறதென்று ஒரு மின்கணப்பை வாங்கி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தாள். சூட்டில் இலைகள் சுருண்டன. தாகம் போலிருக்கிறது என்று பதறி, மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குடம் குடமாக ஊற்றினாள். மேலே சிலந்திப்பேன் வலை பின்னியது, கீழே வேர் அழுகியது. கொடியைக் குளியலறைக்கு இழுத்துப் போய், தன் தலைக்கு வாங்கிய ஷாம்பூவையே போட்டுக் குளிப்பாட்டினாள். பயனில்லை. எங்கே வெட்டினாலும் தண்டுக்குள் பழுப்பு. வேர்விட வைக்க ஒரு பச்சைக் கணு கிடைக்கவில்லை. யாருக்கும் கொடுக்காத கொடி இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது உறைத்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

துக்கத்துக்கும் மாத்தே தேநீர் குடித்தாக வேண்டுமே. இலைத்தூள் தீர்ந்திருந்ததால் எல்பியாவிடம் கடன் கேட்கக் கீழே இறங்கினாள். கதவைத் திறந்த எல்பியா உள்ளே ஓடி, அலமாரிமேல் இருந்த எதன்மீதோ ஒரு துணியைப் போட்டாள். துணிக்குக் கீழே வெண்ணெய்க் கரையோடு ஒரு வால் தொங்கியது.

சுல்மா அந்த வாலைப் பிடித்துப் பார்த்தாள். "எப்ப?" என்றாள்.

"உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆச்சே, அப்ப. சூப் கொண்டு வந்தேன்ல?"

"அந்த சூப்ல உப்பே இல்லை."

"கத்தரிக்கோலை எடுக்கிற அவசரத்துல உப்பை மறந்துட்டேன்."

மாட்டிக்கொண்ட பிறகு எல்பியா தான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி, மூலையிலிருக்கும் மருந்துக்கடை, மீட்டர் பார்க்க வருகிறவன் என்று எல்லாரையும் காட்டிக் கொடுத்தாள். சுல்மாவுக்குக் கோபம் மூக்குவரை வந்தது. ஆனால் அங்கே அதற்கு இடமில்லை. பெருமை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இந்தக் கட்டடமே அவள் கொடியில்தான் தொங்கிக் கொண்டிருக்கிறது. துணியை விலக்கி ஓர் இலையைப் புரட்டினாள். தன்னுடையதில் பாதிதான் இருந்தது, அதிலும் தூசி.

தன் வீட்டுக் கொடி போன கதையைச் சுல்மா சொல்லி முடிப்பதற்குள் எல்பியா ஒரு நல்ல கிளையாகப் பார்த்து ஒடிக்கக் கை நீட்டினாள்.

"தொடாதே. நீ கொடுத்தா செத்துடும்."

எல்பியாவுக்குப் புரிந்தது. "நான் தண்ணி கொதிக்க வைக்கிறேன். திரும்பிப் பாக்க மாட்டேன்," என்று முதுகைக் காட்டி நின்றாள். சுல்மா எடுத்த கத்தரிக்கோல் 'கிறுக்' என்றபோது எல்பியா ஒரு பாட்டை உரக்கப் பாடினாள். பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் எழுந்து நின்றன என்று கேள்வி.

கிளையைச் சட்டைக்கையில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சுல்மாவின் நாக்கு நுனியில் நன்றி வந்துவிட்டது. கடித்து விழுங்கினாள். "உன் வீடு ஒரே தூசி," என்றாள். எல்பியாவின் முகம் மலர்ந்தது.

கணப்பு படுக்கையறைக்குப் போனது. கிளையைத் தண்ணீரில் போட்ட கண்ணாடித் தம்ளர் குளிர்ந்த ஜன்னலோரத்துக்கு வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் கணுவில் நூல் மாதிரி வெள்ளை வேர். சுல்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, படியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் ராணி மாதிரி தலையசைத்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

"பிடிச்சிருச்சு," என்றாள்.

"எது?" என்றாள் எல்பியா.

"அதெல்லாம் திருட்டுச் சமாசாரம். வெளியாட்கள்கிட்ட சொல்ல முடியாது."