ஆறு நீலக் கிளாஸ்கள்

நாக்கு சுத்தமாக இருக்கும் என்பதால் விஸ்கிப் போட்டியைக் காலை பத்து மணிக்குத்தான் வைப்பார்கள். குடிக்கிறவர்களுக்கு அது அநியாயமான நேரம். ருசி பார்த்துத் துப்புகிறவர்களுக்கு அதுதான் தோது. சின்னவள் எட்டு மணிக்கே பின்னறைக்கு வந்து, வாய் குறுகிய கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிவிட்டாள். இந்த வருஷம் எல்லாமே நீலக் கிளாஸ். உள்ளே இருப்பது வெளிர் மஞ்சளா, அடர் பழுப்பா என்று எந்த மகாராஜாவும் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு மாசம் போட்டிக் குழுவை நச்சரித்து நீலம் வாங்க வைத்தவள் அவள்தான்.

மகாராஜா வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான். அக்கா புருஷன், தலைமை நடுவர். வெளியில் அவருக்கு ‘மூக்கு சார்’ என்று பெயர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் நடுவராக உட்கார்ந்தவள்தான். அன்றைக்கு லேசான சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி ஒன்று வந்தது. புகை வாடை கிடையாது, காரம் கிடையாது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் பொறுத்தால் பேரிக்காய் வாசனை வந்தது, பிறகு காய்ந்த புல், கடைசியில் தேன். அவள் தொண்ணூறு போட்டாள். அத்தான் அவள் தாளைப் பிடுங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பேரிக்காய் கழுவின தண்ணிக்குத் தொண்ணூறா என்று கேட்டார். அதோடு விட்டாரா?

“மூக்கு இல்லாதவங்களுக்கும் இங்க வேலை இருக்கும்மா. பின்னாடி போய் கிளாஸ் கழுவு.”

அறையே சிரித்தது. அடுத்த வருஷம் நடுவர் பட்டியலில் அவள் பெயரைக் காணோம். கிடைத்தது பின்னறையில் ஊற்றிக் கொடுக்கிற வேலை. வைராக்கியமாக வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அத்தானுக்கு வாசனை போனது போனதுதானாம். பால் தீய்ந்து வீடு முழுக்க நாறியபோது, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தாராம். யாரிடமும் மூச்சு விடாதே என்று அக்கா சொன்னாள். சின்னவளும் தலையை ஆட்டினாள். ஆக, மூன்று வருஷமாக மனிதர் நிறத்தைப் பார்த்தும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தும்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

அக்காவை நினைத்தால் உறுத்தாமல் இல்லை. புருஷனின் பேர் கெட்டால் அவளுக்கும்தானே தலைகுனிவு. ஆனால் எட்டு வருஷக் கோபத்துக்கு முன்னால் அந்த உறுத்தல் எடுபடவில்லை.

போட்டிக்கு முன்னால் நாக்கைத் தயார் செய்ய ஒரு சுற்று உண்டு. அதன் மார்க் எந்தக் கணக்கிலும் சேராது. ஆளுக்கு ஆறு கிளாஸ், எதை ஊற்றுவது என்பது அவள் இஷ்டம். வழக்கமாகத் தலைமை நடுவர் முதலில் வாய் திறப்பார், மற்ற நாலு நடுவர்களும் அதற்கு ஒத்து ஊதுவார்கள். இந்த முறை பேச்சுக்கு முன்னாலேயே தாள்களை வாங்கிவிடலாமே என்று போட்டிக் குழுச் செயலாளரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒத்து ஊதலைக் கேட்டு அவருக்கும் சலித்துப் போயிருந்தது.

அத்தான் முதல் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீலம். பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு, பெரிய மூச்சாக இழுத்தார். கதவிடுக்கில் நின்ற சின்னவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

தாள்களை வாங்கியதும் அவர் எழுந்து பேசினார். ஒன்றாம் கிளாஸ் அழுகின பழம், அதற்கு ஐம்பத்தெட்டு. மூன்றில் ஈரக் கட்டை வாடை. நாலாவதுதான் ராஜா, பன்னிரண்டு வருஷமாவது பீப்பாயில் இருந்திருக்கும், தொண்ணூற்று மூன்று. ஆறாவதை ஊற்றினவரை ஜெயிலில் போடலாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

செயலாளர் அவளைக் கூப்பிட்டு, எந்தெந்தப் பாட்டில் என்று கேட்டார். அவள் ஒரே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

“ஆறுலயும் இதுதான் சார். எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் தொண்ணூறு போட்ட அதே சரக்கு.”

செயலாளர் மற்ற தாள்களைப் புரட்டினார். இரண்டு பேர் ‘எல்லாம் ஒன்றேதானா?’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். மற்ற இருவரின் மார்க்கும் கிளாஸுக்குக் கிளாஸ் இரண்டு மூன்றுக்கு மேல் மாறவில்லை. அத்தான் சளி என்றார், காலையிலிருந்தே தலைவலி என்றார். கடைசியில் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் கிளாஸ் கழுவினாள்.

“பரவாயில்ல அத்தான்,” என்றாள் நிதானமாக. “மூக்கு இல்லாதவங்களுக்கும் இங்க வேலை இருக்கு. ஆறு கிளாஸும் அப்படியே கிடக்கு.”

துடைக்கிற துணியை அவர் முன்னால் வைத்தாள். செயலாளர் அசல் சுற்றுக்கு அவரை உட்கார வேண்டாம் என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டார். அத்தான் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. சின்னவள் திட்டு வாங்கத் தயாராகத்தான் காதில் வைத்தாள். ஆனால் அக்கா, எல்லார் முன்னாடியுமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும், ஒவ்வொரு கிளாஸுக்கும் அவர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள்.

“பேச்சுவாக்குல சொல்லிட்டேன்னு சும்மா உன்னையே நொந்துக்காதக்கா,” என்றாள் சின்னவள்.

“பேச்சுவாக்குலயா? மூணு வருஷமா என் சமையல்ல வாசனையே இல்லன்னு தட்டைத் தள்ளிட்டுப் போனாருடி அந்த மனுஷன். உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?”