விமானத்தின் மூக்கில் இரத்தினவேல்

சகலனுடைய பெயரை விமானத்தில் எழுதப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று சண்முகலிங்கத்துக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. வேலை முடிந்து வந்த மனிதன் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மனைவி விமலாதேவி செய்தியைக் கொட்டிவிட்டாள். அவளுக்குச் சொன்னது தங்கை சிவமலர். சிவமலரின் புருசன்தான் அந்த இரத்தினவேல்.

"எழுதுறது எண்டால் எங்கை? உள்ளுக்குக் கதிரையிலையோ?" என்று கேட்டார் சண்முகலிங்கம்.

"முன்னுக்கு, மூக்கிலை. பைலட் இருக்கிற யன்னலுக்குக் கீழை, நீல எழுத்திலையாம்."

"அவன்ரை பேரையோ?"

"ஓம். அவன் வேலை செய்யிற பிளேனிலை பின்னை உங்கடை பேரையே எழுதுவாங்கள்?"

விமலாதேவி இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அடுப்பில் கிடந்த கறியைக் கிளறிக்கொண்டு சும்மா சொன்னாள். ஆனால் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்திற்று. ஏனென்றால் அந்த வேலை முதலில் வந்தது சண்முகலிங்கத்தைத் தேடித்தான். அது விமலாதேவிக்குத் தெரியாது. கேட்டவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு வருசத்துக்கு முந்தி, 2002 வசந்தத்தில், 'ஹாவ்தெர்ன' என்று ஒரு கடற்பறவையின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு குட்டி விமானக் கம்பனி ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையத்தில் முளைத்தது. வேறொருவரிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு பழைய விமானங்கள்தான் மொத்தச் சொத்து. அதை வைத்துக்கொண்டு நோர்வே முழுவதையும் இணைக்கப் போவதாகப் பேப்பரில் பேட்டி கொடுத்தார்கள். விமான நிலையத்தில் சிரிக்காத ஆள் இல்லை.

சண்முகலிங்கம் அப்போது எல்லாக் கம்பனி விமானங்களின் சிறகுகளிலும் உறைந்த பனியைக் கழுவுகிற பெரிய கம்பனி ஒன்றில் வேலையில் இருந்தார். லொறியின் தூக்குக் கூடையில் நின்று சுடுதிரவத்தைப் பீச்சி அடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. அதைக் கவனித்துத்தான் ஹாவ்தெர்னவின் மேற்பார்வைக்காரி தூவ, ஒருநாள் கன்ரீனில் வந்து, "எங்களிடம் வருகிறாயா?" என்று கேட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாட்டை விட்டு ஓடி வந்து, முகாமில் கிடந்து, விசாவுக்கு ஏங்கி, கடைசியில் ஒரு நிரந்தர வேலை கிடைத்துவிட்டால், அதன்பிறகு வானமே இறங்கி வந்து கூப்பிட்டாலும் அசைய மாட்டோம். சண்முகலிங்கமும் அசையவில்லை. "எனக்கு நிரந்தர வேலை இருக்கு. ஆனால் நல்ல ஆள் ஒருவன் இருக்கிறான்" என்று சொல்லி இரத்தினவேலின் நம்பரைக் கொடுத்தார்.

ஏன் கொடுத்தார்? அதுதான் விசயம். இரண்டு பேரும் வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் மீன் வெட்டியவர்கள். முதலில் ஒஸ்லோ வந்தவர் சண்முகலிங்கம். பின்னால் இரத்தினவேலையும் கூப்பிட்டு, ஹொல்ம்லியாவில் பக்கத்துக் கட்டடத்தில் வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவரே. வந்த ஆறு மாதத்தில் அவன் எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான். அரைகுறை நொஷ்க் மொழியில் பகிடி விட்டான், வெள்ளைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விமலாதேவிகூட அவன் கதைக்குச் சிரித்தாள், தாலி கட்டியவர் கதைக்குச் சிரித்து எத்தனையோ காலம். கம்பனி ஆறு மாதத்தில் படுத்துவிடும், உவன் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் சண்முகலிங்கம் நம்பரைக் கொடுத்தார். வெளியில் பார்த்தால் உபகாரம். உள்ளே அத்தனையும் எரிச்சல்.

கம்பனி படுக்கவில்லை. பெரிய விமானக் கம்பனிக்காரர் ரிக்கற் விலையை ஏற்றி ஏற்றிச் சனத்தை வெறுப்பேற்றிய நேரம் அது. நோர்வேக்காரர் அந்தக் குட்டிக் கம்பனியைத் தங்கள் பிள்ளை மாதிரித் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஐந்தாயிற்று, ஐந்து ஒன்பதாயிற்று. பேர்கன், துரொம்சோ என்று பறந்தவை லண்டனுக்கும் ஸ்பெயினுக்கும் பறந்தன. பெட்டி ஏற்றப் போன இரத்தினவேல் மஞ்சள் அங்கியும் வோக்கி டோக்கியுமாக இருபது பேருக்குத் தலைவனானான். புதிதாக வருகிற ஒவ்வொரு விமானத்துக்கும் வேலையாட்கள் தங்களுக்குள் வோட்டுப் போட்டு ஒருவருடைய பெயரை வைப்பது அந்தக் கம்பனியின் வழக்கம். ஐந்தாவது விமானத்துக்கு இரத்தினவேல் வென்றான்.

அதற்குப் பிறகு ஒஸ்லோத் தமிழருக்கு வேறு கதை இருக்கவில்லை. குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கப் போனால் கடைக்காரர், "உங்கடை சகலன்ரை பிளேன் எப்பிடி, சுகமோ?" என்று கேட்டார். தமிழ் வானொலியில் அரைமணி நேரப் பேட்டி. சிவமலர் ஒருபடி மேலே போய், கோயிலில் அந்த விமானத்துக்கே அர்ச்சனை செய்வித்தாள். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது, அது முதன்முதல் பறந்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருந்தவள் கொஞ்சமும் கூச்சப்படாமல் "பூசம்" என்றாள். ஐயரும் கண்ணை மூடிச் சங்கற்பம் சொன்னார். பக்கத்தில் சண்முகலிங்கமும் கையைக் கூப்பினார். ஐம்பது வயதில் மனிதன் ஒரு இரும்புப் பறவையின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு சாமிக்கு முன்னால் நின்றார்.

இன்னும் மோசம் என்னவென்றால், இரத்தினவேல் நன்றி மறக்காதவன். எந்தக் கொண்டாட்டத்திலும் இவருடைய தோளில் கையைப் போட்டு, "இந்த அண்ணை இல்லாட்டி நான் இல்லை. தனக்கு வேலை தேடாமல் எனக்குத் தேடித் தந்தவர்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவான். எல்லோரும் இவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இவர் பல்லைக் காட்டுவார். அந்த நன்றியைவிட அவன் திட்டியிருக்கலாம்.

லண்டனில் மருமகன் முறையான ஒரு பெடியனுடைய கலியாணம் வந்தபோது இரத்தினவேல் வேலையாட்களுக்கான சலுகை ரிக்கற்றை எல்லோருக்கும் எடுத்துத் தருவதாகச் சொன்னான். விமலாதேவியும் பிள்ளைகளும் துள்ளினார்கள். சண்முகலிங்கம் மாட்டேன் என்றுவிட்டார். தனியாக, முழு விலை கொடுத்து, கொப்பன்ஹேகனில் நாலு மணித்தியாலம் காத்துக் கிடந்து, தாலி கட்டி முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தார். "பிளேன் பிந்திப் போச்சு" என்றார். நேரத்துக்கே வந்திருந்த குடும்பம் அதற்குள் சாப்பிட்டே முடித்திருந்தது.

பனிக்காலக் காலைகள்தான் கொடுமை. 'இரத்தினவேல்' கழுவலுக்கு வந்து நிற்கும். கூடையில் உயர்ந்து போனால் அந்தப் பத்து ஆங்கில எழுத்தும் கண்ணுக்கு நேரே. வேலையில் மட்டும் அவர் வஞ்சகம் செய்ததில்லை, சிறகு இரண்டையும் ஒரு பொட்டுப் பனி இல்லாமல் கழுவித்தான் அனுப்பினார். ஆனால் அது ஓடுபாதையில் எழும்பும்போது ஒவ்வொரு முறையும், அதிலே என் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். எத்தனை குளிர்காலம் வந்தும் அந்த எண்ணம் தேயவில்லை.

2008இல் எண்ணெய் விலை தலைக்கு மேலே போயிற்று. ஹாவ்தெர்ன தள்ளாடத் தொடங்கியது. ஒக்ரோபரில் சண்முகலிங்கத்தின் முதலாளி கூப்பிட்டு, "அவர்களுக்கு இனிக் கடனுக்குக் கழுவாதே" என்றார். அப்போதே இவருக்கு விளங்கிவிட்டது. போகிற போக்கில் முதலாளி இன்னொன்றும் சொன்னார். "எங்களுக்கு இரண்டு ஆட்கள் வேணும். நல்லவன் யாரும் தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு."

முதலில் நாக்கில் வந்த பெயர் இரத்தினவேல்தான். விழுங்கிவிட்டார். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. வியாழக்கிழமை கட்டட வாசலில் எதிர்ப்பட்ட இரத்தினவேல், "என்னண்ணை, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?" என்று கேட்டான். "ஒண்டுமில்லை, குளிர்" என்றார். வெள்ளியும் போயிற்று. வேலை இரண்டும் வேறு யாருக்கோ போயின.

நவம்பரில் ஒரு செவ்வாய்க் காலை கம்பனி விழுந்தது. நானூறு பேருக்கு வேலை இல்லை. நாற்பத்தாறு வயதில் இரத்தினவேல் தெருவில் நின்றான். சண்முகலிங்கம் மனைவியோடு துக்கம் விசாரிக்கப் போனார். 'அப்பவே நினைச்சனான், ரெண்டு பிளேனோடை துவங்கின கம்பனி' என்ற வசனத்தை வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். ஆறு வருசமாகக் காத்திருந்த வசனம். போனால் வீடு கொள்ளாத சனம். தூவ கேக்கோடு வந்திருந்தாள், இரண்டு பைலட்டுகள் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து சிவமலர் பொரித்த ரோல்ஸ் தின்றார்கள். எல்லோரும் ஆளை ஆள் கட்டிப்பிடித்து அழுதார்கள், பிறகு எதற்கோ சிரித்தார்கள். சண்முகலிங்கத்துக்கு இருக்க இடமும் கிடைக்கவில்லை, வசனத்தைச் சொல்ல நேரமும் கிடைக்கவில்லை.

புறப்படும்போது இரத்தினவேல் வாசல்வரை வந்தான். "அண்ணை, வியாழக்கிழமை குத்தகைக்குத் தந்தவங்கள் பிளேனைத் திருப்பி எடுக்க வாறாங்கள். அதுக்கு முதல் பேருகளை நாங்களே கழட்டப்போறம். உங்கடை லொறி வேணும். என்ரை பேரை வேறை ஆரும் தொடக்கூடாது, நீங்கள்தான் வரவேணும்" என்றான்.

வியாழன் மத்தியானம். கீழே நூறு பேருக்குக் குறையாத கூட்டம், எல்லோரும் கம்பனி அங்கியோடு. சகலன்மார் இருவரும் கூடைக்குள் ஏறி மூக்கடிக்கு உயர்ந்தார்கள். எழுத்துகள் ஒட்டியவைதான். சண்முகலிங்கம் சுடுகாற்றுக் குழலால் சூடு காட்ட, இரத்தினவேல் நகத்தால் கிளப்பி ஒவ்வொன்றாக உரித்தான். மூன்று எழுத்து உரிந்து வந்தது.

"அண்ணை, உங்கடை இடத்திலை ரெண்டு வேலை இருந்ததெல்லோ" என்றான் இரத்தினவேல், கையை நிறுத்தாமல்.

சண்முகலிங்கம் குழலைத் தாழ்த்தினார். "ஆர் சொன்னது?"

"தூவ சொன்னவள். விண்ணப்பம் போடு, போடு எண்டு கலைச்சவள். நான் போடேல்லை. எனக்குக் கீழை இருபது பேர் நிக்கேக்கை நான் எப்பிடி முதல் ஆளாக் குதிக்கிறது? நீங்களும் தெரிஞ்சுகொண்டுதான் எனக்குச் சொல்லாமல் இருந்தனீங்கள். இவன் போகமாட்டான் எண்டு என்னை மதிச்சனீங்கள் பாருங்கோ, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டன்."

இதைத்தான் சண்முகலிங்கத்தால் தாங்க முடியவில்லை. அவன் வேலை போனவன். இவர் நிரந்தர வேலைக்காரர். அப்படியிருந்தும் இந்தக் கூடைக்குள் உயரமாக நிற்பவன் அவனாகவே இருந்தான். அவனை ஒருதரம், ஒரேயொருதரம் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"மதிப்பும் இல்லை மண்ணும் இல்லை" என்றார். குரல் கீச்சிட்டது. "எரிச்சலிலைதான் சொல்லேல்லை. ஆறு வருசத்துக்கு முதல் தூவ வந்து கேட்டதும் என்னைத்தான். இது ஆறு மாசத்திலை விழும், நீயும் விழு எண்டுதான் உன்ரை நம்பரைக் குடுத்தனான். விளங்குதோ? நீ நாசமாப் போகவேணும் எண்டுதான்!"

இரத்தினவேலின் கை நின்றது. அவன் சிரிக்கவில்லை. ஹம்மர்பெஸ்ட்டில் மீன் மேசையில் கண்ட நாள் முதல் அந்த முகத்தைச் சிரிப்பு இல்லாமல் சண்முகலிங்கம் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தார். வேண்டியது கிடைத்துவிட்டது.

"அண்ணை எண்டெல்லோ நினைச்சிருந்தன்" என்றான் இரத்தினவேல், மெல்ல.

கீழேயிருந்து தூவ இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு நொஷ்க்கில் கத்தினாள். "என்ன நடக்குது அங்கே? அவர் என்ன சொல்கிறார்?"

நூறு முகங்களும் அண்ணாந்து பார்த்தன. இரத்தினவேல் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சண்முகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவர்தான் என்னை உங்களிடம் அனுப்பினவர்" என்று இரத்தினவேல் நொஷ்க்கில் உரத்துச் சொன்னான். "அதை நினைச்சு இவருக்கு மனசு தாங்கேல்லையாம்."

கீழே யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தூவ கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்முகலிங்கத்தைப் பார்த்துக் கையை அசைத்தாள். இரத்தினவேல் மிச்ச எழுத்துகளைத் தானே உரித்தான், அவர் பக்கம் திரும்பவில்லை. கூடை இறங்கியதும் கூட்டம் அவனை அள்ளி எடுத்துக்கொண்டது.

சண்முகலிங்கம் கூடைக்குள்ளேயே நின்றார். அந்தக் கைதட்டல் தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். அதை யார் வாங்கித் தந்தது என்றும் தெரியும். தன்னால் ஒருநாளும் அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்க முடியாது என்று நினைத்தபோது, அவன்மேல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பொறாமை வந்தது.