எட்டரை மணிக்குக் கனக்கும் ரயில்

ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, தாராவி தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில், பூலோகம் டாய்ஸ் கம்பெனியின் மேஜைமேல் நின்ற பொம்மை லோக்கல் ரயில், நாலு ஆம்பளைகள் சேர்ந்தும் அசைக்க முடியாத அளவுக்குக் கனத்துவிட்டது. மேஜை சற்று நேரம் முனகிப் பார்த்தது, பிறகு கால் ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. பதினொரு மணி வாக்கில் விழுந்து கிடந்த ரயிலை ஒரே கையால் எடுத்து வேறு மேஜையில் வைக்க முடிந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அந்த மேஜையும் ஒடிந்தது. மேஜை செய்துகொடுத்த ஆசாரியிடம்தான் முதலில் சண்டைக்குப் போனார்கள்.

கம்பெனி அப்போது ஏற்கெனவே ஒடிந்துதான் கிடந்தது. பூலோகம் இருந்த காலத்தில் தகர எஞ்சினும் மூன்று பெட்டியும் வட்டமாகச் சுற்றிவரும் ரயிலுக்குத் தீபாவளி சமயத்தில் கிங்ஸ் சர்க்கிள் கடைகளில் அடிதடி நடக்கும். அப்புறம் சீனாவிலிருந்து விளக்கெரியும் ரயில், புகைவிடும் ரயில், பாட்டுப் பாடும் ரயில் எல்லாம் வந்து இறங்கின. பூலோகம் அவற்றோடு மல்லுக்கட்டியே போய்ச் சேர்ந்தார். கம்பெனி அவர் மகள் கோகிலவாணியின் தலையில் விழுந்தது. மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இடத்தை வாடகைக்கு விடு என்று சந்தே சொன்னது. அவள் கேட்கிற ஜாதி இல்லை. ஓரிடத்தில் கால் தரிக்காது அவளுக்கு, டீ குடிக்கும்போதுகூட கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலு வீடு தாண்டிப் போய்விட்டு வருவாள். அப்படி ஒருநாள் கிளாஸோடு சயான் ஸ்டேஷன் பாலம் வரைக்கும் போனவள், கீழே போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்று, திரும்பி வந்து, சீமையில் ஓடும் ரயிலையெல்லாம் செய்கிறோம், வாசலில் ஓடுகிற ரயிலைச் செய்யவில்லையே என்றாள். பம்பாய் லோக்கலை அப்படியே பொம்மையாகச் செய்வது என்று அன்றைக்கே முடிவானது.

பெயிண்ட் அடித்துக் காயவைக்க இடம் வேண்டியிருந்தது. கம்பெனிக்கு மேலே இருந்த ரூமில்தான் அவளும் புருஷன் மாரீஸ்வரனும் குடியிருந்தார்கள். அதைக் காலி செய்து கொடுத்துவிட்டு, வாடகை மலிவான அம்பர்நாத்துக்குப் போனார்கள். “ஒரே வருஷங்க. கம்பெனி எந்திரிச்சிட்டா மேல் ரூமுக்கே வந்திரலாம்” என்று அவள் சொன்னாள். மாரீஸ்வரன் “சரி” என்றான். அவன் பேச்சில் பாதி அந்த வார்த்தைதான். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பாத்திரக் கடையில் அவனுக்கு வேலை, தாராவியிலிருந்து நடந்தே போய்வந்தவன். இப்போது அம்பர்நாத்தில் ஏழு பத்து ஸ்லோ வண்டியைப் பிடித்து, உள்ளே போக வழியில்லாமல் கதவோரம் தொங்கிக்கொண்டு மாட்டுங்கா வரை வர வேண்டியிருந்தது. கம்பெனியைத் திறக்க விடியுமுன்னே கிளம்பும் வண்டியில் அவளுக்கு உட்கார சீட்டே கிடைத்தது. அவனுக்கு ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம். ஒரு வருஷம் என்று சொன்னது இரண்டாகி மூன்றாகிக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனை அந்தக் கதவில் தொங்கவிட்டவள் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

பொம்மை வார்க்கும் டை அச்சை வெட்டிக் கொடுத்தவன் சலாவுதீன். மேலப்பாளையத்துக்காரன், அவளைவிட இரண்டு வயது மூத்தவன், கையில் அரம் இருந்தால் வாயில் பேச்சிருக்காது. தொங்கும் கைப்பிடிகள், சுற்றாத ஃபேன், லேடீஸ் பெட்டியில் முக்காடு போட்ட பெண் படம் என்று ஒன்றை விடவில்லை அவன். மற்ற பொம்மை ரயில்களில் கதவு என்பது வெறும் கோடு. இவன் ஒவ்வொரு கதவையும் அறுத்துத் திறந்து வைத்தான். “கதவடச்ச லோக்கல எவன் பாத்திருக்கான்?” என்று கேட்டான். ஜனங்கள் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறியிருக்க வேண்டும் என்று பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஏனென்றால் உள்ளே ஏறியிருந்தது ஜனங்கள்தான். கண்ணுக்குத் தெரியாது, கனம் மட்டும் உண்டு. இதைச் சொன்னவள் அணுசக்தி நகரில் வேலை பார்க்கும் மானசா என்ற எஞ்சினியர். அவள் வாங்கிப்போன ரயில் ஷெல்ஃபைப் பெயர்த்துக்கொண்டு விழுந்ததில் ஒரு லீவு நாள் பூராவும் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எந்த வீட்டில் வைக்கிறார்களோ அந்த வீட்டு ஆள் போகும் வண்டியின் கூட்டம் பொம்மைக்குள்ளும் வந்துவிடுகிறது, பொம்மையின் அளவுக்குத் தக்கபடி கனமும் சரியாகத்தான் இருக்கிறது, தப்பு ஷெல்ஃபில்தான் என்று கம்பெனிக்கு வந்து சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு அது தன் டிபார்ட்மெண்ட் இல்லை என்றுவிட்டாள். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அவ்வளவு பொறுமையில்லை. செம்பூரில் ஒரு டிவி ஸ்டாண்டும் மாட்டுங்காவில் ஒரு பூஜை அலமாரியும் போனபின், விற்ற ரயிலெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வந்ததைத் தரையில் அடுக்கினார்கள். காலை நேரத்தில் தரை கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியது.

முதன்முதலில் செய்த ரயிலை கோகிலவாணி விற்கவில்லை. காலையில் அதன் நாலாவது பெட்டியின் கூரையில் விரல் வைத்துக்கொண்டு உட்காருவது அவள் வழக்கமாயிற்று. ஏழு பத்துக்கு, இரண்டாவது கதவுப் பக்கம் பெட்டி லேசாகச் சாயும். மாரீஸ்வரன் வலது தோளை முன்னால் கொடுத்து நிற்கிறவன், கல்யாண போட்டோவில்கூட அப்படித்தான் நிற்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்த நாள் பெட்டி சாயவில்லை. தாணேயில் கனம் ஏறும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எட்டரைக்கு மாட்டுங்காவில் சாய்வு நிமிர்ந்ததும் எழுந்து அன்றைய வேலையைப் பார்ப்பாள். ஓரிடத்தில் கால் நிலைகொள்ளாத பெண், நாளில் அந்த ஒரு மணிச் சில்லறை நேரம் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தசராவுக்கு முந்தின நாள் ஏழு பத்தில் தினமும் போகும் ரெகுலர் ஆட்கள் தங்கள் பெட்டிக்கு மாலை கட்டிப் பூஜை போடுவார்கள். அன்றைக்குப் பொம்மைக்குள்ளிருந்து சாமந்தி இதழ்கள் கடுகளவுக்கு உதிர்ந்தன. அவள் அவற்றைப் பெருக்கித் தள்ள மனமில்லாமல் பெயிண்ட் டப்பா மூடியில் எடுத்து வைத்தாள்.

லாக்டவுனில் வண்டிகள் நின்றபோது பொம்மை ரயில்கள் எல்லாம் எடையில்லாமல் போய் மேலே கிளம்பிவிட்டன. பூட்டிய கம்பெனிக்குள் அவை மேல்தளத்தில் முட்டிக்கொண்டு கிடந்தன. திருப்பித் தராமல் வைத்திருந்த வீடுகளில் ஃபேன் போட முடியவில்லை என்று புகார் வந்தது. அந்த மாதங்களில் மாரீஸ்வரன் வீட்டிலேயே இருந்தான், வெங்காயம் நறுக்கிக் கொடுத்தான், சீட்டாடினான், சந்தோஷமாக இருந்தான். கோகிலவாணியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஆனால் பத்தடி ரூமில் சுவருக்குச் சுவர் நடந்தபடி இருந்தாள். பிறகு ஆஸ்பத்திரி ஆட்களுக்கும் முனிசிபாலிட்டி ஆட்களுக்கும் மட்டும் வண்டி விட்டபோது ரயில்கள் மேல்தளத்திலிருந்து ஒரு முழம் இறங்கின. ஊர் முழுக்கத் திறந்த அன்று தடாலென்று தரைக்கு வந்தன. ஏழு பத்தில் நாலாவது பெட்டி மறுபடியும் சாய்ந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் ரோஷன் வந்தான். புனேயில் மாடல் ரயில் விற்கும் ஒரு கம்பெனியின் ஆள், நல்ல பையன். சலாவுதீனின் வேலையைப் பார்த்துச் சொக்கிப்போனான். இருக்கிற ஸ்டாக் மொத்தமும் வேண்டும், மாதாமாதம் இன்னும் வேண்டும், ஆனால் ரயில் கனக்கிற கதையும் அவனுக்குத் தெரிந்திருந்ததால் ஒரே ஒரு கண்டிஷன். “தர்வாஜா பந்த் கர் தோ, மேடம். பஸ்.” கதவை அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சலாவுதீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவடைத்த ரயில் ஒன்று செய்து பார்த்தான். எட்டரைக்கு அது காகிதம் மாதிரி லேசாக இருந்தது. ஒரு ஆள் ஏறவில்லை. கோகிலவாணிக்கு மேல் ரூம் கண்ணில் தெரிந்தது. ஜன்னலில் கொடி கட்டித் துணி காயப்போடுவதும், மாரீஸ்வரன் எட்டரைக்கு எழுந்து நிதானமாகக் கடைக்கு நடந்து போவதும் தெரிந்தன. திரும்பி வந்த ரயில்களையெல்லாம், உள்ளே ஆளில்லாத மத்தியான வேளைகளில், சலாவுதீன் கலக்கிக் கொடுத்த பசையால் கதவு வைத்து அடைத்தாள்.

தன் ரயிலை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டாள். டெம்போ வந்து நின்ற காலையில்தான் அதன் முன்னால் பசையோடு உட்கார்ந்தாள். நல்ல மழை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் பசை, விரல் வைத்துப் பார்க்க வழியில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்பது. அவர் இறங்கியிருப்பார் என்று அடைத்தாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவள், மழை நாளில் ரயிலைக் கடிகாரத்தில் பார்த்தாள். குர்லாவுக்கு முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ஏழு பத்து வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

டெம்போக்காரனால் அந்த ரயிலைத் தூக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு லேசாகிவிடும், பொறு என்றார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று, லேசாகவில்லை. அப்போது போன் வந்தது.

“கோகிலா, எறங்க முடியல.”

“கூட்டமா?”

“கூட்டம் எப்பவும் உள்ளதுதான். காலத் தூக்கி வெளிய வச்சா உள்ளயே வந்து நிக்கி. மாட்டுங்காவ ரெண்டு தடவ பாத்துட்டேன். போனை எடுக்கக் கையத் தூக்கவே இவ்வளவு நேரம் ஆயிட்டு.”

வண்டி கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி, அம்பர்நாத்தையும் தொட்டு, மறுபடி வந்துகொண்டிருந்தது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. டெக்னிக்கல் காரணம் என்று ஸ்டேஷன்களில் அறிவித்தார்கள், ஜனங்களும் கேட்டுக்கொண்டார்கள். கோகிலவாணிக்குத்தான் தான் அடைத்த கதவு ஞாபகம் வந்தது. நாலாவது பெட்டியைத் தொட்டாள். இரண்டாவது கதவுப் பக்கம் அது சாய்ந்தபடியே இருந்தது.

“அறுங்கண்ணே” என்றாள்.

“அறுத்தா பெயிண்ட் போயிரும். பொறவு ரோஷன் வாங்க மாட்டான், பாத்துக்க” என்றான் சலாவுதீன்.

“அறுங்க. இல்ல, பொறுங்க. ஓடுற வண்டியில கதவத் தொறந்தா முட்டுற முட்டுல கீழ விழுந்திருவாங்க.” போனைக் காதில் அணைத்துக்கொண்டாள். “ஏங்க, இப்ப எங்க வருது?”

“குர்லா தாண்டிட்டு.”

சலாவுதீன் கத்தியைச் சூடாக்கி, கதவின் மூன்று பக்கமும் கீறி, நாலாவது பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். அவளுக்கு எதுவுமே வேண்டாம் என்றிருந்தது. ஆர்டர் வேண்டாம், மேல் ரூம் வேண்டாம், அந்தப் பெட்டி நிமிர்ந்தால் போதும்.

“சயான். நிக்குது” என்றான் மாரீஸ்வரன்.

கதவு பெயர்ந்து விழுந்தது. விரலுக்கடியில் பெட்டி மெதுவாக நிமிர்ந்தது. மற்ற கதவுகளை மாட்டுங்காவிலும் தாதரிலும் பரேலிலுமாக, ஸ்டேஷன் ஸ்டேஷனாக அறுத்தார்கள். வண்டி மஸ்ஜித் ஸ்டேஷன் வருவதற்குள் உள்ளே இருந்த எல்லோரும் இறங்கி, லேட்டாகிவிட்டது என்று ஆபீசுகளுக்கு ஓடிவிட்டார்கள். சற்று நேரத்தில் மாரீஸ்வரன் முழங்கால் தண்ணீரில் நடந்து கம்பெனி வாசலில் வந்து நின்றான், வலது தோள் முன்னால் இருந்தது. அவள் எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

“ஆர்டர் போச்சா?” என்று கேட்டான்.

“போச்சு.”

“சரி” என்றான். டீ இருக்கிறதா என்று கேட்டான்.

ரோஷன் வந்து, கதவு அறுபட்ட அந்த ரயிலையும், கதவடைத்தது எதையும் இனி விற்க மாட்டேன் என்று நின்ற அவளையும் பார்த்து வருத்தப்பட்டு, காலி டெம்போவை அழைத்துக்கொண்டு போனான். மற்ற ரயில்களின் கதவுகளையும் அவர்கள் அறுத்துத் திறந்தார்கள். கம்பெனி அன்றோடு சரி என்று சந்து முடிவுகட்டியது. ஆனால் மாரீஸ்வரன் மறுநாளும் ஏழு பத்தில்தான் போக வேண்டியிருந்தது. கதவோரத்து ஆட்கள் முந்தின நாள் கதையைப் பேசியபோது, அவன் தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினான். நடந்ததையும், தினமும் காலையில் தன் பெண்சாதி கூரையில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் சொன்னான். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகரிலிருந்து ஒரு பெண் வந்து, எங்க வீட்டுக்காரர் போகிற வண்டி வேண்டும் என்றாள். அடுத்து டோம்பிவிலியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தீபாவளிக்குள் சந்து முனை வரை வரிசை நின்றது. மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும் வந்து, பேரம் பேசாமல், கதவு நன்றாகத் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிப் போனார்கள். காலையிலும் மாலையிலும் தரையில் வைக்கவும் என்று பெட்டிமேல் மூன்று பாஷையில் அச்சடித்தார்கள். பழைய ஆசாரி இரும்புக் கால் வைத்த குட்டைப் பலகை செய்து தனியாக விற்றுப் பிழைத்துக்கொண்டார்.

பெயிண்ட் வேலைக்கு எதிர்ச் சந்தில் இடம் பிடித்துவிட்டு, சொன்ன ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறாவது வருஷம், அவர்கள் மேல் ரூமுக்குத் திரும்பி வந்தார்கள். தாராவியை இடித்துக் கட்டுவதற்கான சர்வே ஆட்கள் சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள், கட்டடம் எத்தனை நாளைக்கோ தெரியாது. ஜன்னலில் கொடி கட்டினாள். முதல் திங்கட்கிழமை மாரீஸ்வரன் நிதானமாக எழுந்து குளித்துக்கொண்டிருந்தான். அவள் பழக்க தோஷத்தில் கீழே இறங்கிப் போய், வெட்டுப்பட்ட பழைய ரயிலின் நாலாவது பெட்டியில் விரல் வைத்தாள். இனி அது எந்த வண்டியும் இல்லை, லேசாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தாள். ஏழு பத்துக்கு இரண்டாவது கதவுப் பக்கம் பெட்டி சாய்ந்தது. மாரீஸ்வரனைவிடக் கொஞ்சம் கனம் குறைவு, இடது தோள் முன்னால். அவன் தொங்கிய இடம் ஒருநாள்கூடக் காலியாக இருக்கவில்லை.

மாடியில் அவன் தலை துவட்டிக்கொண்டே தேங்காய்ச் சட்னி எங்கே என்று கேட்டான். அவள் இதோ வருகிறேன் என்றாள், எழுந்திருக்கவில்லை. தாணேயில் கனம் ஏறியது, காட்கோபரில் இன்னும் ஏறியது. அந்த ஆள் புதுசு போலிருந்தது, சாய்வு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தடுமாறியது. மாட்டுங்காவையும் தாண்டிப் போனது. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால், பைக்குல்லாவில், பெட்டி நிமிர்ந்தது. கோகிலவாணி விரலை எடுத்துக்கொண்டு சட்னி அரைக்க மேலே போனாள்.