புரோ கேட்ட வேலை

இரண்டாவது தடவையும் கணினி தன் இஷ்டத்துக்கு விண்டோஸின் ஹோம் பதிப்பையே ஏற்றிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மதுஷாவை வரவேற்றது. நேரம் இரண்டே கால். நான்கு மணிக்கு வேலைக்கான பரீட்சை.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. கல்லடியில் வீட்டிலிருந்தே செய்யலாம். நான்கு மணிக்கு அவர்கள் அங்கிருந்தபடியே இவளுடைய கணினிக்குள் நுழைந்து பார்ப்பார்களாம். அதற்கு விண்டோஸ் புரோ வேண்டும், ஹோம் பதிப்பு வெளியாளை உள்ளே விடாது. 'புரோ இருக்கிறதா' என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில் 'ஓம்' என்று போட்டுவிட்டு, பிறகுதான் புரோ என்றால் என்னவென்று விசாரித்தாள். வேலை தேடி அலுத்தவள் வேறு எப்படி எழுதுவாள்?

இது கிடைத்தால் அவள் புருஷன் அலன் கட்டாருக்குப் போக மாட்டான். அப்படித்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பிளேன், மூன்று வருட ஒப்பந்தம். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

விண்டோஸ் ஏற்றும் பென்ட்ரைவை அலன்தான் காலையில் ரதீஸின் கணினிக் கடையில் வாங்கி வந்தான். எந்தப் பதிப்பு என்று கணினி கேட்கும், புரோவைத் தெரிவு செய்தால் சரி என்று ரதீஸ் முன்பே சொல்லியிருந்தான். அது கேட்கவேயில்லை. தன் கைதான் எங்கோ பிசகிவிட்டது என்று முதல் தடவை நினைத்தாள். இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரதீஸ் நாலாவது அழைப்பில்தான் அகப்பட்டான். அந்தக் கணினிக்குள்ளேயே ஹோமின் திறப்பு, அதாவது லைசென்ஸ் நம்பர், பதிந்திருக்கிறது, சும்மா விட்டால் கேட்காமலே அதைத்தான் போடும், கேட்க வைக்கவென்றே பென்ட்ரைவில் ஒரு சின்ன ஃபைல் வைத்திருக்கிறேன் என்றான்.

"அதை அழிச்சிராத எண்டு அலனுக்கிட்டச் சொல்லித்தானே குடுத்த நான், தங்கச்சி."

பார்த்தாள். ஃபைல் இல்லை. ரதீஸ் அதை மறுபடி வாட்ஸப்பில் அனுப்பினான். பென்ட்ரைவில் போட்டு, மூன்றாவது தடவையாகத் தொடங்கிவிட்டுத் திரும்பினாள்.

அலன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான். காலையிலிருந்து மூன்று தரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தவன். என்ன கரிசனம்! இப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களா அழிச்ச?"

"ஓம்."

"ஏன்?"

"வீடு உன்ட சீதனம். உழைப்பும் உன்ட எண்டா நான் இஞ்ச ஆரு, மது?"

இந்தப் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். ஆம்பிளை ஒரு பையோடு வந்து ஏறுவான். அவளுடைய அப்பா வின்சன்றும் அப்படி வந்து முப்பது வருடம் இருந்தவர்தான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இவனுக்குள் இப்படியொரு முள் இருக்குமென்று அவளுக்குத் தோன்றியதேயில்லை. இவனை நிறுத்திவைக்கத்தான் காலையிலிருந்து சாப்பாட்டைக்கூடப் பாராமல் அல்லாடியிருக்கிறாள். கோபத்தைவிட வெட்கமே அவளை அதிகமாகச் சுட்டது.

திரை இந்தத் தடவை கேட்டது. பதிப்புகள் வரிசையாக நின்றன. வேலை கிடைத்தாலும் போவான், கிடைக்காவிட்டாலும் போவான். மதுஷா புரோவைத் தெரிவு செய்தாள்.

"சூட்கேசுக்குப் பூட்டு வாங்கணுமே," என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"போன கிழமையே வாங்கிட்டன்," என்றான் அலன்.